பார்டர் வைத்த தோட்டம்

நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் கந்தசாமி வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயரைச் சொல்வதில்லை. இரண்டாவது ஸ்டாப் சைனில் இடது பக்கம் திரும்பினால் வேலியோரம் பூவாக இருக்கும், அந்த வீடுதான் என்பார்கள். கந்தசாமி வீடு என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான். வீடு வேண்டுமானால் அவருடையதாக இருக்கலாம். அந்த வேலியோரத்தில் ஒரு பிடி மண்கூட அவர் சொல்படி கேட்காது. அது முழுக்க சாந்தாமணியின் ராஜ்யம்.

சாந்தாமணிக்கு ஊர் கோபிச்செட்டிப்பாளையம். அப்பாவுக்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. அ, ஆ எழுதப் பழகுவதற்கு முன்பே அரக்கு எது, குங்குமக் கலர் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்துகொண்ட பெண். கிளிப்பச்சையையும் பாசிப்பச்சையையும் யாராவது வெறுமனே பச்சை என்று சொல்லிவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. கந்தசாமி வேறு ரகம். காங்கேயத்துப் பக்கம் மானாவாரி வெள்ளாமை பார்த்த குடும்பத்தில் பிறந்து, கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கி, மருந்துக் கம்பெனி வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்தவர். எந்தச் செடியைக் காட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "திங்க முடியுமா?"

அவர்கள் வந்திறங்கியது 1991 ஜனவரியில். மூத்தவள் ஓவியாவுக்கு அப்போது நாலு வயது. இளையவன் சபரி இங்கே வந்து பிறந்தவன். அபார்ட்மென்டில் மூன்று வருஷம் குப்பை கொட்டிவிட்டு, வாடகை கொடுப்பது வீண் என்று 1994-இல் இந்த வீட்டை வாங்கினார்கள். வாங்கிய அன்றே கந்தசாமி விற்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் நியூ ஜெர்சியில் இருந்த நம் ஆட்களில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிப் போகப் போகிறவர்கள்தான். போகிற வருஷம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கந்தசாமியின் வருஷம் மாறாதது. ஓவியா எட்டாவது முடித்து ஹைஸ்கூல் போவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். மனுஷன் சொன்னால் சொன்னதுதான்.

சாந்தாமணிக்குப் போகப் பிடிக்கவில்லை. இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. ஊரில் அவள் அந்தக் குடும்பத்தின் மூன்றாவது மருமகள். உலை வைப்பதற்குக்கூட ஒருத்தரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். இங்கே அவளாக டிரைவ் பண்ணக் கற்றுக்கொண்டாள், அவளாக டவுன்ஷிப் லைப்ரரியில் வாலன்டியராகப் போய் நின்றாள், காலையில் தன் ஜன்னலைத் தானே திறந்தாள். அந்த ஜன்னல் அவளுக்கு வேண்டும். ஆனால் இதை வாய் திறந்து ஒருத்தரிடமும் சொன்னதில்லை. புருஷன் ஊர் ஊர் என்று உருகும்போது பெண்டாட்டி எனக்கு வேண்டாம் என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். மனசுக்குள் வைத்துக்கொண்டு சாம்பாரைக் கிண்டினாள்.

முதல் கோடையில் கடையிலிருந்து பெட்டூனியாவும் துலுக்கசாமந்தியும் வாங்கி வந்து வைத்தாள். கொழுகொழுவென்று பூத்தன. அக்டோபரில் ஒரே ஒரு ராத்திரி உறைபனி விழுந்தது. காலையில் பார்த்தால் அத்தனையும் வேகவைத்த கீரையாகக் கிடந்தன. பிடுங்கிக் குப்பையில் போடும்போது அவளுக்கு வயிறு எரிந்தது. இனிமேல் வாங்கினால் ஒரு தடவை வைத்தால் வருஷா வருஷம் தானே வருகிற செடியாகத்தான் வாங்குவது என்று கார்டன் சென்டருக்குப் போய் நின்றாள்.

அங்கே இருந்த பெண் அவளுக்குத் தெரியாத ஒரு வார்த்தையையும் நன்றாகத் தெரிந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னாள். தெரியாதது பெரென்னியல். குளிர்காலத்தில் மேலே செத்த மாதிரி காய்ந்துவிடும், அடியில் வேர் உயிரோடு தூங்கும், வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். தெரிந்த வார்த்தை பார்டர். வேலியோரமாக நீளப் பாத்தி எடுத்து இந்தச் செடிகளை வரிசையாக வைத்தால் அதற்குப் பெயர் பார்டர் என்றாள் அந்தப் பெண்.

ஜவுளிக்கடைக்காரர் மகளிடம் போய் பார்டர் என்றால் அவளுக்கு என்ன தோன்றும்? புடவைதான் தோன்றும். புல்வெளி உடம்பு, வேலியோரம் பார்டர், முடிகிற இடத்தில் அகலமாக முந்தி. வீட்டுக்கு வருகிற வழியில் காரிலேயே முக்கால்வாசி டிசைன் முடிந்துவிட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க சமையலறை மேஜை அவளுடையது. செடிக் கம்பெனிகளின் காட்டலாக்குகளை வரவழைத்துப் படம் படமாகப் பார்த்தாள். முதலில் எது இந்தக் குளிரைத் தாங்கும் என்று பார்த்து, தாங்காததை எல்லாம் மனசே இல்லாமல் ஒதுக்கினாள். உயரமாக வளர்வது வேலியை ஒட்டிப் பின்னால், குட்டை முன்னால் என்று பிரித்தாள். அப்புறம் நிறம். ஐரிஸில் நல்ல ஊதா. பியோனி என்ற ஒன்றில் அசல் அரக்கு. பிளாக் ஐட் சூசன் மாம்பழ மஞ்சள். இடையில் ஜரிகை ஓடுகிற மாதிரி வெள்ளை டெய்சி. வேலிக் கோடியில் முந்திக்கு ஃப்ளாக்ஸும் ஆஸ்டரும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அவள் உள்ளே உட்கார்ந்து அரக்குக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். அப்பா கடையில் அம்மாக்கள் புடவை எடுக்க உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. இவளுக்கும் தெரியவில்லை.

ஏப்ரலில் பனி முழுக்கக் கரைந்தது. சாந்தாமணி பழைய பூனம் புடவை ஒன்றை எடுத்துப் போய் வேலியோரம் புல்லில் விரித்து, நாலு பக்கமும் கல் வைத்தாள். வேலைவிட்டு வந்த கந்தசாமி காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக நின்றார்.

"ஏம்புள்ள, புடவையை எதுக்குப் புல்லுல காயப் போட்டிருக்கறே?"

"காயப் போடலீங்க. பாத்திக்கு அளவு பாக்கறேன். பெரென்னியல் பார்டர் வெக்கலாம்னு."

"பெரென்னியல்னா?"

"ஒருக்கா வெச்சா வருஷா வருஷம் வருமுங்க. ஆனா நல்லாக் காலூனிப் பூக்க மூணு வருஷம் ஆகுமாம்."

கந்தசாமி சிரித்தார். "குத்தகைக் காட்டுல யாராச்சும் தென்னம்புள்ளை வெப்பாங்களா சாந்தா? கம்பு விதைப்பான், சோளம் விதைப்பான், அறுத்துட்டுப் போயிட்டே இருப்பான். நாம போனதுக்கப்புறம் எவனோ பாக்கறதுக்கு நீ எனத்துக்குப் பாடுபடறே?"

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சாந்தாமணிக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஷவலை எடுத்துக்கொண்டு தானே வெட்டப் போனாள். அவள் அதைப் பிடித்திருந்த லட்சணத்தை ஜன்னல் வழியே கொஞ்ச நேரம்தான் கந்தசாமியால் பார்க்க முடிந்தது. "அக்கட்டத் தள்ளு" என்று வந்து வாங்கி, ஒரே மூச்சில் பாத்தி முழுக்க வெட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு பிரயோசனமும் இல்லாத வேலை என்று முனகிக்கொண்டே குளிக்கப் போனார்.

முதல் வருஷம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. செடிகள் சின்னது சின்னதாக, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. வளர்ந்தால் எவ்வளவு அகலமாகும் என்று பார்த்து இடம் விட வேண்டும் என்று காட்டலாக் சொன்னது. அவளும் விட்டாள். பார்த்தவர்களுக்கெல்லாம் வெறும் மண்தான் தெரிந்தது. குளிர் வந்ததும் அதுவும் காய்ந்து போயிற்று. 1996 ஜனவரியில் விழுந்த பனியை அங்கே இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மெயில்பாக்ஸ் முழுகிவிட்டது. பார்டர் இருந்த இடமே தெரியவில்லை.

"போச்சு உன்ற தோட்டம்" என்றார் கந்தசாமி, டிரைவ்வேயில் பனியை அள்ளிக்கொண்டே.

"தூங்குதுங்க" என்றாள் அவள். உள்ளூர நம்பிக்கை இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை அவள் போய்ப் பார்த்தபோது காய்ந்த சருகுக்கு அடியிலிருந்து பியோனியின் முளைகள் சிவப்புச் சிவப்பாக வெளியே வந்திருந்தன. சாந்தாமணி ஈரத்தையும் பார்க்காமல் மண்டி போட்டு உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளை ஜுரம் விட்டுக் கண் விழித்தது போல இருந்தது அவளுக்கு. சருகை விலக்கி விலக்கி ஒவ்வொன்றாகத் தேடினாள். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் வந்திருந்தன. அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அவசரப்பட்டு ஒரு விருந்துக்கு ஆட்களை அழைத்தாள்.

ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினம், எல்லாருக்கும் லீவு. நாலைந்து தமிழ்க் குடும்பங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அவளுடைய நெருங்கிய சிநேகிதி சாரதா, சென்னைக்காரி, பக்கத்து ஊரான எடிசனில் இருந்தாள். அவளிடம் போனில் பெருமையடித்திருந்தாள்: பின்பக்கம் வந்து பாரு, அரக்கும் மஞ்சளும் ஊதாவுமாகப் பட்டுப்புடவை விரித்த மாதிரி இருக்கும் என்று.

சாந்தாமணி செய்த தப்பு இதுதான். புடவையில் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். கடையில் பிரித்துப் போட்டால் உடம்பும் பார்டரும் முந்தியும் ஒன்றாகக் கண்ணில் படும். பூ அப்படி இல்லை. ஊதா ஐரிஸ் மே மாதக் கடைசியில் பூத்து முடிந்தது. அரக்கு பியோனி ஜூனில் இரண்டே இரண்டு மலர்ந்து, ஒரு மழையில் கொட்டிப் போயிற்று. மாம்பழ மஞ்சள் இன்னும் மொட்டுகூட விடவில்லை. ஆஸ்டருக்கு செப்டம்பர் ஆக வேண்டும். காட்டலாக்கில் ஒவ்வொன்றுக்கும் கீழே மாதம் போட்டிருந்தது. அவள் படத்தைப் பார்த்தாளே தவிர மாதத்தைப் பார்க்கவில்லை. விருந்தன்று பாத்தியில் நாலைந்து டெய்சியைத் தவிர ஒரே பச்சை.

சாரதா தட்டோடு வந்து வேலியோரம் நின்றாள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சாந்தா, பட்டுப்புடவைன்னு பில்டப் குடுத்தே. பச்சை காட்டன் கட்டிட்டு வந்து நிக்குது? பார்டர் எங்க, லாண்டரிக்குப் போட்டிருக்கியா?"

எல்லாரும் சிரித்தார்கள். சாரதாவிடம் கல்மிஷம் கிடையாது, வாய்தான். சாந்தாமணியும் சேர்ந்து சிரித்தாள், போய்ப் பாயசத்தைக் கொண்டுவந்தாள். ஆனால் முகம் சின்னதாகிவிட்டது. கந்தசாமி அதைக் கவனித்தார்.

மறுநாள் காலையில் அவள் பாத்தி முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தபோது அவர் தன் தக்காளிக்குத் தண்ணீர் விட வந்தார்.

"எல்லாம் ஒரே நாள்ல வரோணும்னா எப்படிப் புள்ள? அதது அதும்பட பட்டத்துலதான வரும்? நீ ஆடிப் பட்டத்துல நின்னுட்டு தைப் பட்டத்தையும் கேக்கறியே."

பட்டம் என்றால் விதைக்கிற பருவம். கந்தசாமி ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத் தக்காளிப் பக்கம் போய்விட்டார். சாந்தாமணி அப்படியே நின்றாள். தான் கட்டியது ஒரு புடவை இல்லை, பல புடவை என்று அவளுக்குப் புரிந்தது. மே மாதத்துக்கு ஒன்று, ஜூனுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று, இலை உதிர்கிற காலத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பட்டத்துக்கும் இரண்டு நிறமாவது ஜோடி சேர வேண்டும். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது கட்டிக்கொண்டு வர வேண்டும்.

அதற்கப்புறம் அவள் மாதத்துக்கு ஒரு தடவை சமையலறை ஜன்னலில் ஒரே இடத்தில் நின்று பாத்தியைப் போட்டோ எடுக்கத் தொடங்கினாள். குளிர்காலம் வந்ததும் அந்தப் போட்டோக்களை மேஜையில் பரப்பி வைத்து, எந்த மாதம் மொட்டையாக இருக்கிறது என்று பார்ப்பாள். ஜூன் நடுவில் ஓட்டை விழுந்தால் அங்கே ஒரு நீல சால்வியா. ஜூலையில் மஞ்சள் தனியாக நின்றால் பக்கத்தில் ரோஸ் கோன்ஃப்ளவர். பியோனி பூத்து முடிந்த இலைக்கு முன்னால் டேலில்லி. ஒரு வருஷம் மான் வந்து டேலில்லி மொட்டு முழுவதையும் காலை டிபனாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது. அவள் மானைத் திட்டினாள், அடுத்த வருஷம் அதை வீட்டை ஒட்டி மாற்றி வைத்தாள். பாத்தியை யோசிப்பது என்றாலே வருகிற வருஷத்தை யோசிப்பதுதான். இந்த வருஷத்துக்குச் செய்ய ஒன்றுமே இருக்காது.

இப்படி ஓடியது. கிரீன் கார்டு வந்தது. போகப் போகிறவர்களுக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும்தான் வாங்கினார்கள். லைப்ரரியில் அவளுக்குச் சம்பளத்தோடு வேலை கொடுத்தார்கள். தெருவில் நடை போகிறவர்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சாரதா வந்தால் முதலில் பின்பக்கம் போய்விட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். "இந்த மாசம் என்ன புடவை?" என்பாள். 1999 கோடையில் மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு வாரம்கூட பார்டர் சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அங்கே ஆஸ்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது, ஃப்ளாக்ஸ் அடைசலாகிப் பூக்காமல் நின்றது.

அந்தக் குளிர்காலத்தில்தான் கந்தசாமியின் வருஷம் வந்து சேர்ந்தது. சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. ஜூலையில் வந்து சேரச் சொன்னார்கள். ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் ஈரோடு என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னார். சபரிக்கு அதில் ரயில் மட்டும்தான் காதில் விழுந்தது. ஓவியா சாப்பிட்டு முடித்து, தட்டு கழுவுகிற சாக்கில் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, டூ யூ வான்ட் டு கோ?"

"அப்பா எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணுவாங்க."

"ஐ நோ. பட் டூ யூ?"

சாந்தாமணி குழாயைத் திறந்து பாத்திரத்தைக் கழுவினாள். பதிமூன்று வயதுப் பெண்ணிடம் சொல்ல முடியாததை வேறு யாரிடம் சொல்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஏப்ரலில் வீட்டை விற்கக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மே மாதம் வீட்டைத் திறந்து வைத்து ஆட்களுக்குக் காட்டலாம். ஜூன் கடைசியில் கிளம்பிவிடலாம்.

வீடு விற்றுக் கொடுக்கிற நான்சி என்ற பெண் ஏப்ரல் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். கந்தசாமி ஆபீசில் இருந்தார். நான்சி கிச்சனைப் பார்த்தாள், பேஸ்மென்டைப் பார்த்தாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். பின்பக்கக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். பாத்தியில் அப்போது டாஃபடில் மட்டும்தான் இருந்தது, மற்றதெல்லாம் முளை. ஆனால் பார்க்கத் தெரிந்தவளுக்கு முளையே போதும். பூத்த படம் ஏதாவது இருக்கிறதா, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று கேட்டாள்.

சாந்தாமணி போட்டோக்களைக் கொண்டுவந்து மேஜையில் மாதவாரியாக அடுக்கினாள். நான்சி வாயைப் பிளந்தாள். இந்த மாதிரிக் காலூன்றின தோட்டத்தோடு வீடு கிடைப்பது அபூர்வம், இதற்காகவே வாங்குவார்கள் என்றாள். ஒவ்வொரு படமாக எடுத்துக் கேட்டாள். இது என்ன பூ? இது எத்தனை நாள் இருக்கும்? சாந்தாமணியும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் நான்சி செப்டம்பர் படத்தை எடுத்தாள். இது மட்டும் கொஞ்சம் டல்லாக இருக்கிறதே, கேட்டால் என்ன சொல்லட்டும் என்றாள்.

சாந்தாமணி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினாள். ஃப்ளாக்ஸ் ரொம்ப அடைசலாகிவிட்டது, அதைப் பிரித்துத் தள்ளி நட வேண்டும். அந்த இடத்துக்கு சீடம் என்ற செடி வரும். ஆஸ்டரை ஜூனில் நுனி கிள்ளிவிட்டால் சாயாது. "நெக்ஸ்ட் இயர் யூ வில் ஸீ. நெக்ஸ்ட் இயர் செப்டம்பர் வில் பி மை பெஸ்ட்…"

சொல்லும்போதே அவள் காதில் அது விழுந்துவிட்டது. நான்சி தர்மசங்கடமாகப் புன்னகை செய்து, படங்களில் நாலைந்தைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வாசலில் விற்பனை போர்டு நடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் கந்தசாமி காபி டம்ளரோடு பின்பக்கம் வந்தபோது சாந்தாமணி பாத்தியில் மண்டி போட்டு ஃப்ளாக்ஸ் தூரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததை இரண்டாக, நாலாகப் பிளந்து ஈரச் சாக்கில் வைத்திருந்தாள்.

"யாருக்குக் குடுக்கறதுக்கு? சாரதாவுக்கா?"

"யாருக்குமில்லீங்க. அடைசலாப் போச்சு. பிரிச்சுத் தள்ளி நடறேன்."

"இங்கயேவா? ஜூன்ல கெளம்பறமே சாந்தா. வாங்கறவங்க பாத்துக்குவாங்க, உடு."

அவள் கையில் இருந்த தூரைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நான் வர்லீங்க."

கந்தசாமிக்கு முதலில் புரியவில்லை. "எங்க?"

"ஊருக்குங்க. ஒரு மாசம் போயி இருந்துட்டு வரோணும்னா வர்றேன். வருஷா வருஷம்னாலும் வர்றேன். ஆனா எனக்கு வீடு இதுதானுங்க. இங்கதான் இருக்கோணும் எனக்கு."

சொல்லிவிட்டாள். கையை மண்ணுக்குள் விட்டுக்கொண்டாள். ஒரு சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கந்தசாமி மெதுவாகப் படிக்கட்டில் உட்கார்ந்தார். டம்ளரைப் பக்கத்தில் வைத்தார். கோபத்தைவிட திகைப்புதான் அவர் முகத்தில் இருந்தது.

"நீதான சாந்தா அழுதே?"

"நானா? எப்பங்க?"

"வந்த புதுசுல. அந்த அபார்ட்மென்ட்டு பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து உட்டுட்டு அழுவியே. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்குவே. தெனமும் கேட்டுட்டுதான் இருந்தேன். எம்பட வேலைக்காவ இவளக் கொண்டுவந்து இந்தக் குளிர்ல தள்ளிட்டமேன்னு இருந்துது. எப்பாடு பட்டாச்சும் ஓவியா ஹைஸ்கூல் போறதுக்குள்ள உன்னையத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிரோணும்னு அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான். டைரக்டர் போஸ்ட் ரெண்டு தடவ வந்துது, வேண்டாம்னுட்டேன். அதை எடுத்தா நகர முடியாதுன்னு."

சாந்தாமணிக்கு அந்த அழுகை நினைவே இல்லை. யோசித்துப் பார்த்தாள். ஈரக் குளியலறை, இருட்டிவிட்ட சாயங்காலம், மங்கலாக என்னவோ வந்தது. யாரோ ஒரு சின்னப் பெண் அழுதிருக்கிறாள். அவளுக்காக இந்த மனுஷன் ஒன்பது வருஷமாக ஒரு வாக்கைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார். ஊர் ஊர் என்று அவர் சொன்னதெல்லாம் தன்னைச் சமாதானப்படுத்தத்தானா என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவர் மேல் கோபமும் வந்தது.

"அது எப்பவோ தீந்து போச்சுங்களே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாந்தா."

"நீங்க கேக்கவேயில்லீங்களே."

கந்தசாமி பாத்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். அவருக்கும் ஊர் மேல் ஆசை இல்லாமல் இல்லை. ரயிலும் ஈரோடும் அவர் கண்ணில் ஒரு தடவை வந்துதான் போயிருக்கும். எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்.

"சென்னைக்கு நான் ஏதாச்சும் சொல்லிக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அவர் போன் நம்பரை அழுத்துவது அவளுக்குக் கேட்டது. நான்சியிடம்தான் பேசினார். போர்டு நட வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் அவள் பதறியிருக்க வேண்டும். விலையில் ஏதாவது குறையா, வேறு ஆளைப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். கந்தசாமி தன் நிதானமான, காங்கேயத்து இங்கிலீஷில் பதில் சொன்னார்.

"நோ, நோ, நான்சி. ப்ரைஸ் இஸ் ஃபைன். ஒன்லி திங்… மை வைஃப் லிவ்ஸ் ஹியர்."